மெனு கார்டைச் சாப்பிட முடியுமா?

மாதக் கடைசி. பால் பாக்கி, பேப்பர் பாக்கி, இஸ்திரி பாக்கி என்று ஆளாளுக்கு வாசலில் வந்து நிற்கும் நேரம். அந்த நேரம் பார்த்துத்தானா அமெரிக்காவிலிருந்து எனக்குத் தபால் வரவேண்டும்?

கையெழுத்துப் போட்டு வாங்கியது என் மனைவி. கவரின் மேல் ஒட்டியிருந்த கஸ்டம்ஸ் சீட்டை நிதானமாகப் படித்தாள். பழைய மெனு கார்டு ஒன்று, மதிப்பு 18 டாலர்.

"டாலர் இன்னிக்கு என்ன விலை?" என்றாள், தக்காளி விலை கேட்பது போல.

சொன்னேன். மனக்கணக்கில் அவள் புலி. இரண்டே விநாடியில் விடை வந்துவிட்டது.

"ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல ஆகுது. இந்தக் காசுக்கு நாம நாலு பேரும் ஹோட்டலுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டுட்டு, அங்கே இருக்கிற மெனு கார்டைச் சும்மாவே பார்த்துட்டு வந்திருக்கலாம். இதைச் சாப்பிட முடியுமா?"

நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. (வீட்டில் சொன்னால் காது கொடுத்துக் கேட்பாரில்லை. பத்திரிகையில் வந்தால் படிப்பாள்!)

சிலர் ஸ்டாம்ப் சேர்ப்பார்கள். சிலர் தீப்பெட்டி லேபிள் சேர்ப்பார்கள். நான் சேர்ப்பது அமெரிக்க ரயில்களின் டைனிங் காரில், அதாவது ஓடும் ரயிலுக்குள் இருந்த சாப்பாட்டுப் பெட்டியில், அந்தக் காலத்தில் கொடுத்த மெனு கார்டுகள். பி.காம். படித்தவனுக்கு ஏன் இந்த வேலை என்று கேட்காதீர்கள். எங்கள் அப்பாவும் அதையேதான் கேட்கிறார்.

* * *

நாலு வருஷத்துக்கு முன்னால் அக்காவின் பிரசவத்துக்காக அம்மாவை அழைத்துக்கொண்டு சிகாகோ பக்கம் போயிருந்தேன். பத்தியச் சமையலில் அம்மா பிஸி. நான் வெட்டி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்திம்பேர் எங்களைப் பழைய சாமான் சந்தை ஒன்றுக்கு அழைத்துப் போனார். அப்பா கதை கதையாகச் சொல்லும் மூர் மார்க்கெட் அமெரிக்காவில் இருந்தால் எப்படி இருக்கும்? அப்படி ஒரு சந்தை. உடைந்த கடிகாரம், துருப்பிடித்த வாள், ஒற்றைச் செருப்பு என்று சகலமும் கிடைத்தது.

ஒரு மேஜையில் அட்டைப் பெட்டி நிறைய மெனு கார்டுகள். மேலாக இருந்த ஒன்றை எடுத்தேன். நார்தர்ன் பசிஃபிக் ரயில்வே. அதில் ஒரு உருளைக்கிழங்கைப் பற்றி, ஏதோ மகாராணியை வர்ணிப்பது போல வர்ணித்திருந்தார்கள்.

அம்மா எட்டிப் பார்த்தாள். "இதுல நமக்கு ஏதாவது இருக்காடா?"

மட்டன் சாப்ஸ், வாத்து, மீன், மாட்டிறைச்சி... வரிசையாகப் படித்துக்கொண்டே வந்தேன். "உருளைக்கிழங்கு மட்டும்தாம்மா" என்றேன்.

"போதுமே, அதையே வாங்கு" என்றாள் அம்மா. வாங்கினேன். அன்று பிடித்த சனி... மன்னிக்கவும், அன்று பிடித்த பொழுதுபோக்கு.

அந்த உருளைக்கிழங்குக்கு ஒரு சரித்திரமே இருக்கிறது. 1908-ல் நார்தர்ன் பசிஃபிக் டைனிங் கார்களுக்கு ஹேஸன் டைட்டஸ் என்பவர் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். வாஷிங்டன் மாநிலத்தில் யாக்கிமா பள்ளத்தாக்கு விவசாயிகள் ஒரு விசித்திரமான கஷ்டத்தில் இருந்தார்கள். உருளைக்கிழங்கு அநியாயத்துக்குப் பெரிசாக விளைந்துவிட்டது! ஒவ்வொன்றும் ஒரு கிலோ அளவுக்கு. இவ்வளவு பெரிய கிழங்கை எவன் வாங்குவான்? பன்றிக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

டைட்டஸ் ஒன்றை வாங்கிச் சுட்டுப் பார்த்தார். உள்ளே பூ மாதிரி மிருதுவாக வெந்திருந்தது. அவ்வளவுதான், மொத்தத்தையும் நானே வாங்கிக்கொள்கிறேன் என்றுவிட்டார். 1909-லிருந்து அந்த ரயிலில் ஏறியவர்களுக்கெல்லாம் வெண்ணெய் வைத்து ஒரு முழுக் கிழங்கு. விலை 10 சென்ட். 'மாபெரும் சுட்ட உருளைக்கிழங்கின் பாதை' என்று தங்கள் ரயில் பாதைக்கே பெயர் சூட்டிக்கொண்டார்கள். போஸ்ட் கார்டு அடித்தார்கள். பன்றி தின்ற கிழங்கைப் பணக்காரர்கள் தேடி வந்து தின்றார்கள். மார்க்கெட்டிங் பாடப் புத்தகத்தில் நான் படித்த எந்த உதாரணமும் இதன் பக்கத்தில் நிற்க முடியாது.

* * *

ரயிலுக்குள் சாப்பாடு என்பதே ஆரம்ப காலத்தில் கிடையாது. ரயில் ஏதாவது ஒரு ஸ்டேஷனில் இருபது நிமிஷம் நிற்கும். அதற்குள் இறங்கி ஓடி, கிடைத்ததை வாயில் திணித்துக்கொண்டு திரும்ப வேண்டும். சாப்பாடும் வாயில் வைக்கிற மாதிரி இருக்காது. ஃப்ரெட் ஹார்வி என்பவர் 1876-ல் கான்ஸாஸ் மாநிலத்தின் டொப்பீகா ஸ்டேஷனில் சுத்தமான ஒரு சாப்பாட்டுக் கடையைத் திறந்தபோது அதுவே அதிசயமாகப் பேசப்பட்டது.

அதற்குள் ஜார்ஜ் புல்மன் முந்திக்கொண்டிருந்தார். 1868-ல் ஒரு முழுப் பெட்டியையே சாப்பாட்டுக்காகக் கட்டி, 'டெல்மோனிக்கோ' என்று நியூயார்க்கின் பிரபல ஹோட்டல் பெயரையும் வைத்து ஓட்டினார். பிறகு ஒவ்வொரு ரயில்வேக்காரரும் போட்டியில் இறங்கினார்கள். சான்டா ஃபே ரயில்வேயின் 'சூப்பர் சீஃப்' ரயிலுக்காக மேரி கோல்ட்டர் என்ற அம்மையார் பழங்குடியினரின் பானை ஓவியங்களைப் பார்த்துத் தனியாகப் பீங்கான் தட்டுகளே வடிவமைத்தார். கிரேட் நார்தர்ன் ரயில்வே, வினோல்ட் ரைஸ் என்ற ஓவியர் தீட்டிய பிளாக்ஃபீட் பழங்குடி மக்களின் முகங்களை மெனு அட்டையில் அச்சிட்டது. அவற்றில் ஒன்று என்னிடம் இருக்கிறது. சாப்பிட வந்தவன் சாப்பாட்டை மறந்து முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். அப்படி ஓர் ஓவியம்.

சரி, இதில் லாபம் எவ்வளவு? இங்கேதான் பி.காம். மூளை விழித்துக்கொண்டது. தேடிப் படித்தால், லாபமாவது ஒன்றாவது! ஒரு டாலர் சம்பாதிக்க ஒரு டாலருக்கு மேலேயே செலவழித்திருக்கிறார்கள். ஒரே ஊருக்கு மூன்று ரயில்வே கம்பெனிகள் ஓடும்போது, 'எங்கள் ரயிலில் சாப்பாடு பிரமாதம்' என்று பயணிகள் சொல்லவேண்டும். அதற்காகத்தான் அத்தனை நஷ்டமும். ஆக, மெனு கார்டு என்பது விலைப் பட்டியல் இல்லை, விளம்பர நோட்டீஸ்! அதனால்தான் அத்தனை அழகாக அச்சடித்தார்கள். பயணிகள் ஞாபகார்த்தமாக வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். அதனால்தான் இன்று எனக்கு அது கிடைக்கிறது.

1971 மே 1-ம் தேதி ஆம்ட்ராக் வந்து பெரும்பாலான பயணிகள் ரயில்களையும் எடுத்துக்கொண்ட பிறகு, ஆளுக்கொரு ரயில்வே, ஆளுக்கொரு மெனு என்ற அந்தக் காலம் முடிந்தது. டைனிங் கார் இன்றும் சில நெடுந்தூர ரயில்களில் உண்டு. ஆனால் அந்தப் பழைய தோரணை அட்டைப் பெட்டிகளில்தான் இருக்கிறது.

இந்த மெனு பைத்தியம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். ஃப்ராங்க் பட்டால்ஃப் என்று ஒருவர். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், பெண்மணி. 1900-லிருந்து நியூயார்க் பொது நூலகத்துக்காக மெனு கார்டுகளைச் சேர்த்தார். ஹோட்டல், கப்பல், ரயில் என்று எதையும் விடவில்லை. 1924-ல் அவர் காலமானபோது 25,000-க்கு மேல் சேர்ந்திருந்தது. அம்மணி மகா கறார். கார்டு சுத்தமாக இருக்கவேண்டும், சாப்பாட்டுக் கறை கூடாது. இந்தக் கறை விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

* * *

உங்களில் யாருக்காவது இந்த வியாதி தொற்றியிருந்தால், பட்டுத் தெரிந்துகொண்ட ஒன்றிரண்டு யோசனைகள்.

முதலாவது, போலி. நல்ல கார்டுகளுக்கெல்லாம் இப்போது மறுபதிப்பு வந்துவிட்டது. கடையில் ரூபாய் நோட்டைக் காட்டிப் பார்ப்பார்களே, ஊதா விளக்கு, அதன் கீழே கார்டைப் பிடியுங்கள். நீல வெள்ளையாகப் பளிச்சென்று மின்னினால் சந்தேகப்படுங்கள். காகிதத்தை வெளுப்பாகக் காட்டும் ரசாயனம் பரவலாக வந்தது 1950-க்கு ஒட்டித்தான். 1920-ம் வருஷத்துக் கார்டு என்று சொல்லி விற்றது அப்படி மின்னினால், உங்கள் காசு போச்சு. (எனக்கு ஒரு தடவை போச்சு. வீட்டில் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்!)

இரண்டாவது, லாமினேஷன் செய்யாதீர்கள். செல்லோடேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். அமிலமில்லாத தாளுக்கு நடுவே, பாலியெஸ்டர் உறையில் வைத்தால் போதும். நம்ம சென்னைப் புழுக்கத்தில் இராமபாணப் பூச்சிக்குப் பழைய காகிதம் என்றால் விருந்து. என் மனைவியின் கேள்விக்கு, "ஏன் முடியாது, நாங்கள் சாப்பிடுகிறோமே" என்று பதில் சொல்லக்கூடிய ஒரே ஜீவன் அதுதான். மாதம் ஒரு தடவை எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

* * *

இதுவரை சொன்னதெல்லாம் பெருமை. இனி சொல்லப்போவது வேறு.

அதே சந்தைக்கு அடுத்த ஞாயிறும் போனேன். மெனு விற்ற மேஜைக்குப் பின்னால் இந்தத் தடவை ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். கறுப்பினத்தவர். எண்பது வயசு இருக்கும். ஒரு வார அனுபவத்தில் நான் நிபுணனாகியிருந்தேனே, சும்மா இருப்பேனா? உருளைக்கிழங்குக் கதையிலிருந்து புல்மன் வரை அவருக்கே எடுத்துவிட்டேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரு மெனு கார்டை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"எங்க அப்பா முப்பது வருஷம் டைனிங் கார்ல வேலை பார்த்தார். இந்தக் கார்டுல அவர் எங்கே இருக்கார்னு கண்டுபிடி பார்க்கலாம்" என்றார்.

முன்னே திருப்பினேன், பின்னே திருப்பினேன். ரயில் படம் இருந்தது. மலை இருந்தது. சூப் இருந்தது. ஆள் யாரும் இல்லை.

அவர் விரலை அட்டையின் அடியில் பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியில் வைத்தார். வெயிட்டர்கள் வாய்மொழி ஆர்டரை ஏற்க அனுமதி இல்லை, தேவையானதைப் பயணிகளே சீட்டில் எழுதித் தரவேண்டும் என்பது அதன் சாரம்.

"வெயிட்டர்னு ஒரு வார்த்தை இருக்கே, அதுதான் எங்க அப்பா" என்றார்.

எனக்கு என்னவோ போலாகிவிட்டது. ஏனென்றால் அந்த வரியை அதற்கு முன்பே நான் ரசித்திருந்தேன். எழுத்தில் வராதது சமையலறையிலிருந்து வெளியே வராது, எல்லாவற்றுக்கும் வவுச்சர், என்ன அருமையான கணக்கு முறை என்று! அந்த வவுச்சரின் இந்தப் பக்கம் ஒரு மனுஷன் நின்றுகொண்டிருந்தான் என்பது என் பி.காம். மூளைக்கு எட்டவில்லை.

பெரியவர் சொல்லச் சொல்ல, பிறகு நான் தேடிப் படிக்கப் படிக்க, விவரம் புரிந்தது. பெரிய டைனிங் கார் என்றால் நாலு சமையல்காரர், ஆறு வெயிட்டர். அநேகமாக எல்லோரும் கறுப்பினத்தவர். பணம் வாங்கி மேற்பார்வை பார்க்கும் ஸ்டூவர்ட் மட்டும் வழக்கமாக வெள்ளையர். வெயிட்டர்களுக்குச் சம்பளம் குறைச்சல், டிப்ஸை நம்பித்தான் குடும்பம். பல ரயில்களில் ராத்திரி கடைசி ஆள் சாப்பிட்டு எழுந்த பிறகு, அதே டைனிங் காரில்தான் படுக்கையும்.

மெனுவில் பெயரே வராத அந்தக் கூட்டத்திலிருந்து ஒருவர் தன் பெயரைத் தானே அச்சில் ஏற்றிக்கொண்டார். ரூஃபஸ் எஸ்டெஸ். 1857-ல் டென்னஸியில் அடிமையாகப் பிறந்தவர். புல்மன் கம்பெனியின் தனிப் பெட்டிகளில் சமையல்காரராகி, க்ளீவ்லாண்ட், ஹாரிசன் என்ற இரண்டு ஜனாதிபதிகளுக்குப் பரிமாறியவர். 1911-ல் தன் பெயரையே தலைப்பில் வைத்து ஒரு சமையல் புத்தகம் வெளியிட்டார்.

"சமைக்கலாம், பரிமாறலாம். உட்கார்ந்து சாப்பிடறதுதான் கஷ்டம்" என்றார் பெரியவர். அவர் அப்பா தெற்கே போகும் ரயிலில் வேலை பார்த்தவராம். அங்கே டைனிங் காருக்குள் ஒரு திரைச்சீலை உண்டாம்.

அந்தத் திரைச்சீலை அமெரிக்க சுப்ரீம் கோர்ட் வரை போயிருக்கிறது. எல்மர் ஹெண்டர்சன் என்ற கறுப்பின அரசு ஊழியர் 1942 மே 17-ம் தேதி வாஷிங்டனிலிருந்து சதர்ன் ரயில்வேயில் முதல் வகுப்பு டிக்கெட்டில் அலுவல் பயணம் போனார். சாயங்காலம் ஐந்தரைக்குச் சாப்பாட்டு அழைப்பு வந்ததும் எழுந்து போனார். சமையலறையை ஒட்டிய கடைசி இரண்டு மேஜைகள்தான் கறுப்பினத்தவருக்கு. அவர்கள் உட்கார்ந்தால் நடுவே திரையை இழுத்துவிடுவார்கள். ஆனால் அவர் போனபோது அந்த மேஜைகளிலும் வெள்ளையர் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நாற்காலியாவது காலியாகத்தான் இருந்தது. ஆனாலும் அவருக்கு இடம் இல்லை. உங்கள் இருக்கைக்கே சாப்பாடு அனுப்புகிறோம் என்றார்கள். அவர் ஒப்பவில்லை. இடம் வந்தால் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். சொல்லி அனுப்பவில்லை. மறுபடி இரண்டு தடவை போய்ப் பார்த்தார். ராத்திரி ஒன்பது மணிக்கு டைனிங் காரையே கழற்றிவிட்டார்கள். முதல் வகுப்பு டிக்கெட்டுக்காரர் டைனிங் காரில் சாப்பிடாமலே போனார்.

மனிதர் விடவில்லை. வழக்குப் போட்டார். நடுவில் 1946-ல் ரயில்வே விதியை மாற்றியது. வெள்ளையருக்குப் பத்து மேஜை, கறுப்பினத்தவருக்கு ஒரே ஒரு மேஜை, குறுக்கே திரை! 1950 ஜூன் 5-ம் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. டிக்கெட் வாங்கிய எல்லோருக்கும் டைனிங் காரில் சம உரிமை, இந்த மேஜைப் பங்கீடு செல்லாது என்று. ஹெண்டர்சன் பசியோடு போனதற்கும் அந்தத் தீர்ப்புக்கும் நடுவே எட்டு வருஷம்.

பெரியவர் பேசியதை அவ்வப்போது அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். 'அமெரிக்காவிலேயே இப்படியா' என்று அதிர்ச்சி அடைவாள் என்று எதிர்பார்த்தேன். அம்மா அசரவில்லை.

"நம்ம ஊர்ல மட்டும் என்ன வாழ்ந்தது? ஸ்டேஷன்ல சாப்பிடற இடத்துல 'பிராமணாள்', 'இதராள்'னு தனித்தனியா பலகை மாட்டியிருப்பான்னு உங்க தாத்தா சொல்வார். அவர் சின்னப் பையனா இருந்தப்போ பார்த்திருக்கார். அங்கே திரை, இங்கே பலகை" என்றாள்.

எனக்கு வாய் அடைத்துவிட்டது. பெரியாரும் மற்றவர்களும் எதிர்த்துப் போராடி, 1941-ல்தான் நம் ரயில் நிலையங்களில் அந்தப் பேதம் நீங்கியது. அதுவும் எந்த மெனுவிலும் அச்சாகியிருக்காது. அம்மா சொன்னதைப் பெரியவருக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். அம்மாவைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினார். அம்மாவும் ஆட்டினாள். இரண்டு பேருக்கும் மொழி தேவைப்படவில்லை.

கிளம்பும்போது மேஜைக்கு அடியிலிருந்து இன்னொரு கார்டை எடுத்தார். மட்டமான அட்டை. முகப்பில் படம்கூட இல்லை. காபிக் கோப்பை வைத்த வட்டக் கறை வேறு. "இது எங்க அப்பாவோடது. ஒரு டாலர் கொடு. இனாமாக் கொடுத்தா நீ மதிக்க மாட்டே" என்றார். கொடுத்தேன்.

* * *

கதை முடிந்ததா என்றால், இல்லை. தபால் வந்த அன்று ராத்திரி மனைவி கேட்டாள். "அப்படி என்னதான் இருக்கு இந்த ஃபைல்ல?" இத்தனை வருஷத்தில் அவள் முகப்புப் படங்களைத் தவிர எதையும் பார்த்ததில்லை. புதிதாக வந்த 18 டாலர் கார்டைக் காட்டவில்லை. அந்த ஒரு டாலர் கார்டை உறையிலிருந்து எடுத்துப் பின்பக்கம் திருப்பிக் கொடுத்தேன்.

பின்பக்கத்தில் பென்சிலில் ஒரு கணக்கு இருக்கிறது. 10, 25, 10, 0, 50, 15, 25, 10. கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே 1.45. ஒருநாள் ராத்திரி டிப்ஸ் கணக்கு. யாரோ ஒரு மகாராஜன் வயிறு முட்டத் தின்றுவிட்டு ஒரு காசும் வைக்காமல் போயிருக்கிறான். அதையும் சைபர் போட்டு எழுதி வைத்திருக்கிறார், அந்த வெயிட்டர்.

வாங்கி வந்த அன்றே அதைக் கூட்டிப் பார்த்தேன். பி.காம். புத்தி, என்ன செய்ய! ஒரு சென்ட்கூடத் தப்பில்லை.

பட்டால்ஃப் அம்மையார் கையில் கிடைத்திருந்தால், கறையைப் பார்த்ததும் இந்தக் கார்டை ஒதுக்கியிருப்பார். என் ஃபைலில் இதற்குத்தான் முதல் இடம். மற்ற கார்டுகள் எல்லாம் அந்த ரயிலில் என்ன கிடைத்தது என்று சொல்கின்றன. இது ஒன்றுதான் அதைக் கொண்டுவந்து வைத்த கையைக் காட்டுகிறது.

மனைவி ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. அவளும் கூட்டிப் பார்க்கிறாள்!

"சரியா இருக்கு" என்றாள். பிறகு, "இதை ஃப்ரேம் போட்டு மாட்டலாமே?"

"வெளிச்சம் பட்டா பென்சில் இருந்தாலும் அட்டை பழுத்துடும்" என்றேன். பத்திரமாக அவளே உறையில் போட்டுக் கொடுத்தாள்.

மறுநாள் காலை. சமையலறையில் பழைய மாதக் காலண்டர் தாள் கிழித்து வைக்கப்பட்டிருந்தது. அதன் பின்பக்கம் முழுக்க அவளுடைய பால் கணக்கு. வழக்கம்போலக் குப்பைக் கூடைக்குப் போகும் என்று பார்த்தால், நாலாக மடித்து அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன இது?" என்றேன்.

"இருக்கட்டும். எழுபது வருஷம் கழிச்சு யாராவது ஒரு பி.காம். வந்து 18 டாலர் கொடுப்பான்" என்றாள்.